எழுபது வயதில் இதய வால்வு மாற்றம்: எந்த வழி, எந்த ஊர், யார் துணை

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரையுள்ள ஊர்களில், பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்க, தனியாகவோ மனைவியுடனோ வாழும் எழுபது வயதுக்காரர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு இதய வால்வை மாற்றியாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது, முதலில் கூடி உட்காருகிறவர்கள் கூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும், மாலையில் சேர்ந்து நடப்பவர்களுமே. மகனும் மகளும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எங்கள் நண்பர் வட்டத்திலும் அப்படி உட்கார வேண்டி வந்தது. அப்போது கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை, அதே நிலையில் இருப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

வயது, சிறுநீரகம், நுரையீரல், இரத்தக்குழாய்களின் நிலை ஆகியவற்றைப் பார்த்து எந்த வால்வு பொருந்தும் என்பதை மருத்துவர்கள் சொல்வார்கள். அதில் நண்பர்கள் கருத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு வழியும் தன் சுமையை எந்தக் காலத்தில், யார் தலையில் இறக்குகிறது என்பது மருத்துவ அறிக்கையில் வராது. ஒரு வழி முதல் மூன்று மாதத்தில் கூட இருப்பவர்களைப் பிழிந்தெடுத்துவிட்டுப் பிறகு விட்டுவிடுகிறது. இன்னொன்று சாகும்வரை மாதாமாதம் யாரையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது ஆளைக் கேட்காமல் பணத்தைக் கேட்கிறது. நண்பர்களை நம்பி இறங்குகிறவர் இந்த வேறுபாட்டை முன்னால் வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்றும் செய்யாமல் மாத்திரையோடு காலத்தைத் தள்ளுவது என்ற வழியை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் பெரும்பாலானோர் மனம் அங்கேதான் போகிறது. வயதானவர்களுக்கு அதிகம் வருவது அயோர்ட்டிக் வால்வு, அதாவது இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வாசலில் உள்ள பெருந்தமனி வால்வு, சுண்ணாம்பு படிந்து இறுகிச் சுருங்கும் நோயாகும். நல்ல நிலையில் 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும் இந்த வால்வு 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போய்விட்டால், அல்லது அதன் வழியே இரத்தம் விநாடிக்கு 4 மீட்டருக்கு மேல் சீறிப் பாய்ந்தால், அல்லது வால்வின் இருபுறமும் உள்ள சராசரி அழுத்த வேறுபாடு பாதரச அளவில் 40 மில்லிமீட்டரைத் தாண்டினால், அதைக் கடுமையான சுருக்கம் என்று எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் அறிக்கையில் எழுதுவார்கள். படிந்த சுண்ணாம்பைக் கரைக்கும் மாத்திரையோ கஷாயமோ எதுவும் இல்லை. (பாலையும் மீனையும் நிறுத்தினால் சுண்ணாம்பு குறையும் என்ற பேச்சும் இங்கே உண்டு, சாப்பாட்டிலுள்ள சுண்ணாம்பினால் வருகிற நோயல்ல இது.) மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, திடீர் மயக்கம் ஆகிய மூன்றில் ஒன்று தொடங்கிவிட்டால் காத்திருப்பது மிகவும் ஆபத்தானது. அறுவைச் சிகிச்சை தாங்கமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான பார்ட்னர் ஆய்வில், வழக்கமான மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் ஓராண்டுக்குள் இறந்திருந்தார்கள். கால் வழியாகப் புது வால்வு வைக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் 100க்கு 31 பேர் அளவில் இருந்தார்கள்.

அறிகுறி எதுவும் இல்லாமல், இதயத்தின் பம்பு வலிமையும் குறையாமல் இருந்தால், ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை எக்கோ எடுத்துக்கொண்டு பொறுத்திருக்க மருத்துவரே சொல்லக்கூடும். ஆனால் அறிகுறி இல்லை என்பதை யார் சொல்வது என்று ஒரு கேள்வி இருக்கிறது. குழித்துறைப் பாலம் வரை நடந்தவர் பாதி வழியில் உள்ள டீக்கடையோடு நிறுத்திக்கொள்வார், மாடிக்குப் போவதை விட்டுவிடுவார், அதற்குப் பிறகு தனக்கு மூச்சே வாங்கவில்லை என்று மருத்துவரிடம் மனதாரச் சொல்வார். வீடியோ அழைப்பில் பார்க்கும் மகளுக்கு அப்பா நன்றாகத்தான் தெரிவார். கூட நடந்த நண்பருக்குத்தான் வித்தியாசம் தெரியும். ஆகவே மருத்துவரைப் பார்க்கும்போது உள்ளே போக வேண்டியவர்களில் அந்த நண்பரும் ஒருவர்.

மாற்றுவதென்று முடிவானால் உலோக வால்வு, திசு வால்வு, கால் வழியாக வைக்கும் வால்வு என்று மூன்று வழிகள் முன்னால் நிற்கின்றன.

உலோக வால்வைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஒரு பெருமிதம் உண்டு. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில், மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாக்கப்பட்ட, சாயும் வட்டத்தகடு கொண்ட சித்ரா வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. நிறுவனம் தயாரித்த அந்த வால்வு, வெளிநாட்டு வால்வின் விலையைக் கொடுக்க முடியாத ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பயன்பட்டிருக்கிறது. உலோக வால்வு தேயாது. பொருத்தப்பட்டவரின் ஆயுளுக்கும் உழைக்கும். இரவு அமைதியில் அதன் டிக் டிக் ஓசை சிலருக்குக் கேட்கும், பழகிவிடும்.

ஆனால் அந்த வால்வில் இரத்தம் உறையாமல் இருக்க, வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் போன்ற மாத்திரையை ஆயுள் முழுவதும் விடாமல் சாப்பிட வேண்டும், ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையைத் தொடக்கத்தில் வாரம் ஒருமுறையும், நிலைப்பட்ட பின் மாதம் ஒருமுறையேனும் செய்து மாத்திரை அளவைச் சரிசெய்ய வேண்டும். அயோர்ட்டிக் வால்வு என்றால் அந்த எண் பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும்; குறைந்தால் வால்வில் கட்டி உறைந்து பக்கவாதம் வரலாம், கூடினால் உள்ளே இரத்தம் கசியலாம். பரிசோதனை தேவைப்படாத புதுவகை இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள் இதற்கு உதவா. அவற்றில் ஒன்றை உலோக வால்வுக்காரர்களிடம் முயன்ற ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டு, அதன் முடிவு 2013இல் வெளியானது.

நம் ஊர் வாழ்க்கையை இதோடு பொருத்திப் பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். முருங்கைக்கீரையையும் தண்டுக்கீரையையும் ஒரு வாரம் நிறையச் சாப்பிட்டு மறுவாரம் விட்டுவிட்டால் ஐ.என்.ஆர். ஆடும், கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் அளவு சீராக இருக்க வேண்டும். ஆடி மாதத்தில் வீட்டுக்கு வீடு மூலிகை சேர்த்துக் காய்ச்சும் கர்க்கடகக் கஞ்சியும், மூட்டுவலிக்கு வைத்தியசாலையில் வாங்கும் அரிஷ்டமும், மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரையும், மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரையோடு சேரக்கூடாதவை. ரப்பர் விளை வைத்திருப்பவர் எழுபது வயதிலும் விடியற்காலையில் பால் வெட்டப் போவார், கத்தி நழுவும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் பாசி பிடித்த முற்றத்தில் வழுக்கி விழுந்து தலையில் அடிபடுவது மற்றவர்களுக்கு ஒரு வீக்கத்தோடு போகலாம். அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்கு அது மூளைக்குள் இரத்தக்கசிவாகிவிடலாம்.

அமெரிக்க இதயச் சங்கங்களின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 50 வயதுக்குக் கீழே உலோக வால்வும், 65 வயதுக்கு மேலே திசு வால்வும் பொருத்தமானவை என்றும், இடைப்பட்டவர்களுக்கு ஆளைப் பொறுத்து முடிவு செய்யலாம் என்றும் சொல்கிறது. எழுபதைத் தாண்டியவருக்கு உலோக வால்வை நான் பரிந்துரைக்கமாட்டேன். காரணம் வயது மட்டுமல்ல. மாதாமாதம் பரிசோதனைக் கூடத்துக்குப் போவதும், எண்ணைக் குறித்து வைப்பதும், மாத்திரையை அரையாகவும் காலாகவும் உடைத்துக் கொடுப்பதும் எண்பது வயதிலும் தொடர வேண்டும்; அப்போது கூட வந்த நண்பர்களுக்கும் எண்பது வயது ஆகியிருக்கும். ஏற்கெனவே வேறொரு உலோக வால்வு இருப்பவர்கள் விதிவிலக்கு. இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போனதற்காக இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறோமே, உலோக வால்வே வைத்துவிடலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. திசு வால்வு வைத்தால் அவர்களில் பலர் புதுவகை மாத்திரைக்கு மாறிக்கொள்ள முடியும் என்பதை அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திசு வால்வு, மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ பதப்படுத்திச் செய்யப்படுவது. இதில் மனத்தடை உள்ளவர்கள் அறுவைக்கு முந்தைய நாள் சொல்லிக் குழப்பாமல், முதல் சந்திப்பிலேயே எந்த விலங்கின் திசு என்று கேட்டுவிடுவது நல்லது. பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை உழைக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இளையவர்களுக்கு விரைவில் பழுதாகும், முதியவர்களுக்கு மெதுவாகவே பழுதாகும் என்பது எழுபது வயதுக்காரருக்குச் சாதகமான செய்தி. இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையைப் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்கு, சிலருக்கு ஆறு மாதம் வரை, கொடுத்துவிட்டுப் பிறகு ஆஸ்பிரினோடு விட்டுவிடுவார்கள்.

உலோக வால்வைப் போலவே இதற்கும் கொடுக்க வேண்டிய விலை திறந்த அறுவை. நெஞ்செலும்பை நடுவே பிளந்து, இதயத்தை நிறுத்தி, இதய நுரையீரல் இயந்திரத்தில் உடலை ஓட்டி, பழைய வால்வை வெட்டியெடுத்துப் புதியதைத் தைப்பார்கள். வேறு பெரிய நோய் இல்லாத எழுபது வயதுக்காரருக்கு நல்ல மையங்களில் உயிராபத்து 100க்கு இரண்டு, மூன்று பேர் அளவில்தான். சிறுநீரகமோ நுரையீரலோ கெட்டிருந்தால் அது கூடும். ஆஞ்சியோகிராமில் அடைப்பு தெரிந்தால் பைபாஸும் சேர்த்துச் செய்துவிடலாம் என்பது இந்த வழியின் பெரிய லாபம். அறுவை மருத்துவரிடம் மறக்காமல் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: எந்த அளவு வால்வு வைப்பீர்கள்? பன்னிரண்டு ஆண்டு கழித்து இந்தத் திசு வால்வு பழுதானால், அதற்குள்ளேயே கால் வழியாக இன்னொரு வால்வைச் செருக முடியும். ஆனால் 19 அல்லது 21 மில்லிமீட்டர் வால்வு வைக்கப்பட்டிருந்தால் அதற்குள் இடம் போதாமல் போகலாம். தேவையானால் வால்வு உட்காரும் வளையத்தை அகலப்படுத்திப் பெரிய வால்வு வைக்கும் முறையும் உண்டு. அது இவருக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர் விளக்கட்டும்.

டாவி எனப்படும் மூன்றாவது முறை, 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் ஆலன் கிரிபியே என்ற இதய மருத்துவரால் முதன்முதலாக மனிதருக்குச் செய்யப்பட்டது. தொடையில் உள்ள தமனி வழியாக, மடக்கி வைத்த திசு வால்வைக் கொண்டுபோய்ப் பழைய வால்வுக்குள்ளேயே விரித்துவிடுகிறார்கள். நெஞ்சைப் பிளப்பதில்லை; சிக்கல் இல்லாவிட்டால் மூன்று நான்கு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். 2019இல் வெளியான பார்ட்னர் 3 ஆய்வு, அறுவை ஆபத்துக் குறைவாக உள்ள, சராசரி 73 வயதுடைய ஆயிரம் பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டது. மரணம், பக்கவாதம், மீண்டும் மருத்துவமனையில் சேர்தல் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஓராண்டில் டாவி பெற்றவர்களில் 8.5 சதவீதமும் அறுவை பெற்றவர்களில் 15.1 சதவீதமும் பாதிக்கப்பட்டிருந்தார்கள். ஐந்து ஆண்டு முடிவில் அந்த எண்கள் 22.8 என்றும் 27.2 என்றும் நெருங்கிவந்து, புள்ளியியல்படி உறுதியான வேறுபாடு இல்லை என்ற நிலைக்கு வந்தன. ஆகவே டாவியின் முன்னிலை தொடக்க மாதங்களில்தான் பெரிதாக இருக்கிறது. பத்து, பதினைந்து ஆண்டுக் கணக்கில் எது மேல் என்று அடித்துச் சொல்லும் காலம் இன்னும் வரவில்லை.

அதற்கும் குறைகள் உண்டு. வால்வின் ஓரத்தில் சிறு கசிவு இருக்கலாம். இதயத்தின் மின்கடத்தும் பாதை அழுத்தப்பட்டு, பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரலாம். வால்வின் வகையைப் பொறுத்து இந்த வாய்ப்பு பெரிதும் மாறுகிறது. பிறவியிலேயே இரண்டு இதழ் மட்டும் உள்ள வால்வு, பல இடங்களில் இதய இரத்தக்குழாய் அடைப்பு, கூடவே இன்னொரு வால்வும் பழுது என்றிருந்தால் அறுவையே பொருத்தமாகும். முன்கூட்டியே எடுக்க வேண்டிய சி.டி. ஸ்கேனுக்குச் செலுத்தும் சாய மருந்து சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத் தொல்லை தரும். அமெரிக்க வழிகாட்டுதல் 65 வயதுக்குக் கீழே அறுவை, 80க்கு மேலே டாவி, இடையில் கலந்து பேசி முடிவு என்கிறது. ஐரோப்பிய வழிகாட்டுதல் 2021இல் 75 வயதிலிருந்து டாவி என்று சொல்லி, 2025இல் அதை 70 ஆகக் குறைத்தது. அங்கே செலவை அரசோ காப்பீடோ ஏற்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே அந்த எண்களைப் படிக்க வேண்டும். குஜராத்தில் தயாராகும் மைவால் போன்ற இந்திய வால்வுகள் வந்த பிறகும், தனியார் மருத்துவமனையில் டாவியின் மொத்தச் செலவு பத்து லட்சம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. திறந்த அறுவையின் செலவு அதில் ஒரு பங்குதான்.

பழுதானது மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தின் இடப்பக்க அறைகள் இரண்டுக்கும் இடையிலுள்ள வால்வு, என்றால் இந்த ஒப்பீடு மாறும். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் பழுதான மைட்ரல் வால்வு நம் நாட்டில் இன்னும் ஏராளம். அதில் சிலருக்குப் பலூன் கொண்டு விரித்தாலே போதும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் திறந்த அறுவைதான் வழி.

எந்த ஊர் என்ற கேள்விக்கு, எல்லையோரத்தில் இருப்பதே ஒரு வசதி. மார்த்தாண்டத்திலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும் திருவனந்தபுரம் 30, 40 கிலோமீட்டர்தான். குழித்துறையில் ரயிலேறினால் ஒரு மணி நேரப் பயணம். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி 80 கிலோமீட்டர், மதுரை 240 கிலோமீட்டருக்கு மேல். அறுவை முடிந்த முதல் ஓராண்டில் எத்தனை முறை போய்வர வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், தூரம் ஒரு சிறிய விஷயமல்ல. வால்வு அறுவையை வாரந்தோறும் செய்யும் மையமா, எப்போதாவது செய்யும் மையமா என்பது தூரத்தைவிடப் பெரிய விஷயம். அதை வெட்கப்படாமல் கேட்க வேண்டும். மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள சித்திரைத் திருநாள் நிறுவனம் மத்திய அரசின் கீழ் இயங்குவதால் அங்கே செலவு தனியாரைவிடக் குறைவு, ஆனால் பதிவு செய்து காத்திருக்க வேண்டிவரும். அறிகுறி முற்றியவருக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு காலம் என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மொழி ஒரு தடையாக இருக்காது. நம் பக்கத்துத் தமிழில் பாதி அவர்களுக்குப் புரியும், அவர்கள் மலையாளம் நமக்குப் புரியும்.

தடையாக வருவது காப்பீட்டு அட்டை. குடும்ப அட்டை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத் திட்டம்தான் செல்லும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ஆனால் பட்டியலில் உள்ள மருத்துவமனையாக இருக்க வேண்டும், அறுவைக்கு முன்பே அனுமதி பெற வேண்டும். கேரளத்தின் காருண்யா திட்டம் எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள பாறசாலைக்காரருக்குக் கிடைக்கும், களியக்காவிளைக்காரருக்குக் கிடைக்காது. ஓய்வூதியர்களுக்குத் தனிக் காப்பீடு இருக்கிறது. எந்த மருத்துவமனை அதன் பட்டியலில் உள்ளது என்பதைக் கருவூல அலுவலகத்திலோ காப்பீட்டு நிறுவனத்திலோ எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே தேதி குறிக்க வேண்டும். இந்த அலைச்சலை நோயாளி செய்யக்கூடாது. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் எல்லா வட்டத்திலும் ஒருவர் இருப்பார். கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போக அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார்.

துணைக்கு வருவோம். திருவனந்தபுரத்து மருத்துவமனைகளில் பெயர், வயதுக்கு அடுத்தபடியாக "பைஸ்டாண்டர் யார்?" என்றுதான் கேட்பார்கள். மருந்து வாங்கி வருவது, இரத்தத்துக்கு ஏற்பாடு செய்வது, ஐ.சி.யூ. வாசலில் கூப்பிட்ட நேரத்துக்கு இருப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அதை ஒரே ஆள் செய்ய முடியாது. அறுபத்தைந்து கடந்த நண்பர் ஒருவர் மூன்று இரவு நாற்காலியில் உட்கார்ந்தால், நாலாம் நாள் அவருக்கும் ஒரு படுக்கை வேண்டியிருக்கும். எங்கள் வட்டத்தில் பகலுக்கு ஒருவர், இரவுக்குச் சற்று இளையவர் ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டோம். இரவுக்கு வந்தவர் நண்பர் ஒருவரின் மருமகன். இரத்தம் கொடுப்பதிலும் இதே நிலைமை: 65 வயதைக் கடந்தவர்களிடம் இரத்தம் எடுக்கமாட்டார்கள், ஆகவே "நாங்கள் பத்துப் பேர் இருக்கிறோம்" என்று சொல்வதில் பயனில்லை, தெருவிலுள்ள இளைஞர்களை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

கையெழுத்து ஒரு நுட்பமான இடம். சுயநினைவோடு இருக்கும் ஒருவரின் சிகிச்சைக்கு அவருடைய சம்மதமே தேவை, வேறொருவரின் சம்மதம் அதற்கு ஈடாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் தெளிவாக்கியிருக்கிறது. ஆயினும் நடைமுறையில் மருத்துவமனைகள் இரத்த உறவினரின் கையெழுத்தையும் கேட்கின்றன. அறுவைக்குள் அழைத்துப் போகும் காலையில் இதற்காக மஸ்கட்டுக்கு அழைத்துக்கொண்டிருக்கக்கூடாது. இன்ன நண்பர் எனக்காக மருத்துவர்களிடம் பேசலாம் என்று நோயாளி எழுதிக் கையெழுத்திட்ட கடிதமும், பிள்ளைகள் அதை ஒப்புக்கொண்டு அனுப்பிய மின்னஞ்சலும் சேர்க்கையின்போதே கோப்பில் இருக்கட்டும். நினைவு தப்பினால் எதுவரை சிகிச்சை வேண்டும் என்பதையும் நோயாளியும் பிள்ளைகளும் அந்த நண்பரும் ஒருமுறை பேசிக்கொள்ள வேண்டும். அபசகுனம் என்று அந்தப் பேச்சைத் தள்ளிவைத்தால், பிறகு பழி நண்பர் தலையில்தான் விழும்.

உறவினரா, நண்பரா, சம்பளத்துக்கு வரும் ஹோம் நர்ஸா என்று கேட்டால், ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருக்கிறது. குளிப்பாட்டவும் கழிவறைக்கு அழைத்துப் போகவும் ஹோம் நர்ஸ் மேல். நாற்பது ஆண்டுப் பழக்கம் உள்ள நண்பரிடம் அந்த உதவியைப் பெறப் பலர் கூசுவார்கள். பெரிய பண முடிவுகளைப் பிள்ளைகள் எடுக்கட்டும். நண்பர்களுக்கு நிகரில்லாத இடம் ஐ.சி.யூ.வுக்கு அடுத்த நாட்கள். திறந்த அறுவைக்குப் பிறகு வயதானவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் நாள் மனக்குழப்பம் வருவதுண்டு. இடம் தெரியாமல், இரவு பகல் தெரியாமல், ட்யூபைப் பிடுங்கப் பார்ப்பார்கள். பெரும்பாலும் சில நாளில் தெளியும். கண்ணாடியும் காதுக்கருவியும் கையில் கிடைப்பதும், பகல் வெளிச்சம் தெரிவதும், பழகிய குரல் பக்கத்தில் பேசுவதும் அதற்கு உண்மையாகவே உதவும். பழைய அலுவலகத்துக் கதையைப் பேச மகனைவிட நண்பரால்தான் முடியும்.

வீட்டுக்கு வந்த பிறகு வரும் ஆறு முதல் பன்னிரண்டு வாரம், நெஞ்செலும்பு கூடும் காலம். கையை ஊன்றி எழக்கூடாது, ஒரு குடம் தண்ணீர் தூக்கக்கூடாது, ஸ்கூட்டர் ஓட்டக்கூடாது. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும்; மூன்று பந்து உள்ள மூச்சுப்பயிற்சிக் கருவியை மணிக்கு ஒருமுறை உறிஞ்ச வேண்டும். தொடக்கத்தில் ஐந்து நிமிட நடை, பிறகு கூடிக்கொண்டே போக வேண்டும். இதற்கு ஒரு நண்பர் தினமும் குறித்த நேரத்தில் வந்து நின்றாலே போதும். கருவாடும் ஊறுகாயும் உப்பின் காரணமாகத் தள்ளிவைக்கப்படும், அதை மனைவியிடம் சண்டையில்லாமல் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். காய்ச்சல், தையலில் நீர் வடிதல், நெஞ்செலும்பில் சொடுக்குச் சத்தம், இரண்டு நாளில் ஒன்றிரண்டு கிலோ எடை கூடுதல், மலம் கறுத்துப் போதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனையை அழைக்க வேண்டும். காரணமில்லாமல் அழுகையும் சோர்வும் வருவது பலருக்கும் நேர்வதுதான். ஆறு வாரம் கடந்தும் மாறாவிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நம் ஊர் வழக்கப்படி ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஊரே பார்க்க வரும். முதல் இரண்டு வாரத்துக்கு வாசலில் நின்று அவர்களைத் திருப்பியனுப்பும் பொல்லாத வேலையை நண்பர்களில் தடித்த தோல் உள்ள ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், எழுபதை ஒட்டிய வயதில், நடமாட்டம் நன்றாக இருந்து, மூன்று மாதத்துக்கு முறை வைத்து நிற்க நாலைந்து நண்பர்களும் உள்ளவருக்கு, திறந்த அறுவையில் திசு வால்வு என்பதே என் தேர்வு. அதன் சுமை பெரிது, ஆனால் முதல் மூன்று மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. நண்பர்களால் தாங்கக்கூடிய சுமை அதுதான். எங்கள் நண்பரும் எழுபத்திரண்டு வயதில் திருவனந்தபுரத்தில் அந்த வழியையே எடுத்தார். எழுபத்தைந்தைத் தாண்டியவர், நடை தளர்ந்தவர், நுரையீரல் நோய் உள்ளவர், மனைவியும் படுக்கையில் இருப்பவர் ஆகியோர், பணத்துக்கு வழி இருந்தால் டாவியையே பார்க்க வேண்டும். ஆனால் துணைக்கு ஆள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அறுபத்தைந்து வயதுக்காரர் நிலத்தை விற்று டாவிக்குப் போவதைவிட, அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு ஹோம் நர்ஸ் அமர்த்திக்கொண்டு அறுவைக்குப் போவது நல்லது என்று நினைக்கிறேன்.

எந்த வால்வு வைத்தாலும் சில கடமைகள் மிஞ்சும். சொத்தைப் பல்லை வால்வு மாற்றத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பின்னாளில் பல் பிடுங்கும் முன்னும் ஈறு கிழியும் சிகிச்சைக்கு முன்னும் வால்வில் கிருமி ஏறாமலிருக்க ஆன்டிபயாட்டிக் சாப்பிட வேண்டும், பல் மருத்துவரிடம் வால்வு இருப்பதைச் சொல்ல வேண்டும். வால்வின் பெயரும் அளவும் எழுதிய அட்டை சட்டைப்பையிலும், அதன் படம் இரண்டு நண்பர்களின் கைபேசியிலும் இருக்க வேண்டும். முதல் எக்கோ ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. அந்த ஆண்டுப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகும் பொறுப்பைத் தொடக்கத்திலேயே நண்பர்களின் பிள்ளைகளில் உள்ளூரில் இருக்கும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். திசு வால்வு பழுதாகத் தொடங்கும் காலத்தில் குழித்துறையில் ரயிலேறும் நிலையில் எங்களில் எத்தனை பேர் இருப்போம் என்று யாராலும் சொல்ல முடியாது.